கோவிட் வந்து வீட்டிலேயே சிகிச்சை: எந்த அறிகுறி எத்தனை நாள், எப்போது ஆஸ்பத்திரி?

கேள்வி: அம்மாவுக்கு 62 வயது, சர்க்கரைக்கு மாத்திரை சாப்பிடுகிறார். நேற்று கோவிட் பாசிட்டிவ் வந்தது. டாக்டர் பார்த்துவிட்டு "மைல்ட்தான், வீட்டிலேயே வைத்துப் பார்த்துக்கொள்ளுங்கள்" என்று அனுப்பிவிட்டார். இனி என்னென்ன வரும், எத்தனை நாள் இருக்கும், எது வந்தால் ஆஸ்பத்திரிக்கு ஓட வேண்டும்?

பதில்:

முதலில் ஒரு நோட்டை எடுத்து அதில் ஒரு தேதியை எழுதுங்கள். பாசிட்டிவ் வந்த தேதி வேண்டாம். தொண்டை கரகரத்ததோ, உடம்பு வலித்ததோ, "என்னவோ சரியில்லை" என்று அம்மா முதலில் சொன்ன தேதி. அதுதான் முதல் நாள். டெஸ்ட் எடுத்து முடிவு கைக்கு வருவதற்குள் பெரும்பாலும் இரண்டு மூன்று நாள் ஓடியிருக்கும். இன்று இரண்டாம் நாள் என்று நீங்கள் நினைத்துக்கொண்டிருப்பீர்கள், நோயின் கணக்கில் அது ஐந்தாம் நாளாக இருக்கும். எந்த மருந்தை எதற்குள் தொடங்க வேண்டும், எந்த நாட்களில் கூடுதலாகக் கவனிக்க வேண்டும் என்பதெல்லாம் இந்தத் தேதியிலிருந்துதான் எண்ணப்படுகின்றன. கோவிட்டில் என்ன அறிகுறி என்பதைவிட, எத்தனையாவது நாள், நேற்றைவிட ஏறியிருக்கிறதா இறங்கியிருக்கிறதா என்பதுதான் அதிகம் சொல்லும்.

அடுத்து, "மைல்ட்" என்ற சொல். டாக்டர்கள் அதை "லேசாகத்தான் படுத்தும்" என்ற பொருளில் சொல்வதில்லை. 103 டிகிரி காய்ச்சல், எழுந்து உட்கார முடியாத உடம்பு வலி, இரண்டு நாள் சோறு இறங்காத நிலை எல்லாம் இருந்தாலும், மூச்சுத்திணறல் இல்லை, ஆக்சிஜன் குறையவில்லை என்றால் அது மைல்ட்தான். படுக்கையில் கிடப்பவருக்கு இது கோபத்தைக் கிளப்பும், ஆனால் கணக்கு முழுக்க நுரையீரலை வைத்துப் போடப்பட்டது.

"மாடரேட்" என்ற சொல்லில் இதைவிடப் பெரிய குழப்பம் இருக்கிறது. இந்தியாவில் மத்திய சுகாதார அமைச்சகமும் எய்ம்ஸும் மருத்துவ ஆராய்ச்சிக் குழுவான ஐசிஎம்ஆரும் பின்பற்றிய வரையறைப்படி, தனியாக ஆக்சிஜன் வைக்காமல் அளக்கும்போது, விரலில் மாட்டும் ஆக்சிமீட்டர் ரத்த ஆக்சிஜனை 90 முதல் 93 சதவீதம் வரை காட்டினாலோ, மூச்சு நிமிடத்துக்கு 24 அல்லது அதற்கு மேல் போனாலோ அது மாடரேட். வார்டில் சேர்க்க வேண்டிய நிலை. 90க்குக் கீழே போனாலோ, மூச்சு 30ஐத் தாண்டினாலோ சிவியர். அமெரிக்கக் கணக்கு வேறு. அங்கே நுரையீரலில் பாதிப்பு தெரிந்தும் ஆக்சிஜன் 94 அல்லது அதற்கு மேல் இருந்தால்தான் மாடரேட், 94க்குக் கீழே இறங்கினாலே சிவியர். அதனால்தான் அங்கே "மைல்ட் முதல் மாடரேட் வரை வீட்டிலேயே சிகிச்சை" என்று எழுதுகிறார்கள். அதை இணையத்தில் படித்துவிட்டு, 92 காட்டும் அம்மாவை "மாடரேட்தானே" என்று வீட்டில் வைத்திருப்பது தப்பு. இரண்டு நாட்டுக் கணக்கிலும் 92 என்பது ஆஸ்பத்திரிக்குப் போக வேண்டிய எண்.

இனி அறிகுறிகள். வீட்டிலிருந்தே சிகிச்சை பெறும் கோவிட் நோயாளிகளிடம் மருந்துச் சோதனை நடத்துபவர்கள் எதையெல்லாம் தினமும் குறிக்க வேண்டும் என்று 2020 செப்டம்பரில் அமெரிக்க மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பு ஒரு பட்டியல் கொடுத்தது. 14 அறிகுறிகள்: மூக்கடைப்பு அல்லது ஒழுகல், தொண்டை வலி, மூச்சு வாங்குதல், இருமல், அசதி, உடம்பு வலி, தலைவலி, குளிர் நடுக்கம், காய்ச்சல் உணர்வு, குமட்டல், வாந்தி, வயிற்றுப்போக்கு, வாசனை இழப்பு, ருசி இழப்பு. இல்லை என்றால் 0, லேசு 1, நடுத்தரம் 2, கடுமை 3 என்று கடந்த 24 மணி நேரத்துக்கு மதிப்பெண் போட வேண்டும். வாந்திக்கும் வயிற்றுப்போக்குக்கும் எத்தனை முறை என்பது கணக்கு. வாசனைக்கும் ருசிக்கும் வழக்கம்போல், குறைவு, அறவே இல்லை என்று மூன்றே நிலைகள்.

இந்த முறையை அப்படியே அம்மாவின் நோட்டுக்கும் எடுத்துக்கொள்ளுங்கள். தினமும் ஒரே நேரத்தில், இரவுச் சாப்பாட்டுக்குப் பிறகு என்று வைத்துக்கொள்ளலாம். போனில் டாக்டரிடம் "பரவாயில்லை டாக்டர், கொஞ்சம் இருமல்" என்று சொல்வதைவிட, "இருமல் நேற்று 1, இன்று 2, மூச்சு வாங்குவது நேற்றுவரை 0, இன்று 1" என்று சொன்னால் அவருக்கு உடனே புரியும். அந்த 14இல் 13 அறிகுறிகள் உச்ச மதிப்பெண்ணுக்குப் போனாலும் பெரும்பாலும் அது வேதனைதான், ஆபத்து இல்லை. மூச்சு வாங்குவது மட்டும் 0இலிருந்து 1க்கு ஏறினாலே அன்றைக்கே டாக்டருக்குப் போன் போட வேண்டும்.

எது எந்த வரிசையில் வரும் என்பது வைரஸின் வகையைப் பொறுத்துக் கொஞ்சம் மாறியிருக்கிறது. 2020இல் தொற்றியதிலிருந்து அறிகுறி வரச் சராசரியாக ஐந்து நாள் ஆனது, ஒமிக்ரானில் மூன்று நாள்தான். பிரிட்டனில் தடுப்பூசி போட்டவர்களை வைத்து நடந்து 2022இல் வெளியான பெரிய ஒப்பீட்டில், டெல்டா காலத்தில் 52.7 சதவீதம் பேருக்கு வாசனை போனது, ஒமிக்ரான் காலத்தில் 16.7 சதவீதம் பேருக்குத்தான். தொண்டை வலி மாறாக 60.8இலிருந்து 70.5 சதவீதமாக ஏறியது. அறிகுறிகள் நீடித்த நாட்கள் சராசரியாக 8.9இலிருந்து 6.9ஆகக் குறைந்தன. ஆகவே இன்று "வாசனை தெரிகிறது, அப்போ கோவிட் இல்லை" என்ற வாதம் எடுபடாது. எச்சில் விழுங்க முடியாத தொண்டை வலியும் தும்மலும் மூக்கொழுகலும்தான் இப்போது முதலில் வருபவை.

நடைமுறையில் இப்படிப் போகும். முதல் இரண்டு நாள் தொண்டை, தலைவலி, உடம்பு வலி, குளிரோடு காய்ச்சல். சிலருக்கு, முக்கியமாக வயதானவர்களுக்கு, காய்ச்சலே வராமல் அசதியும் பசியின்மையும் லேசான வயிற்றுப்போக்கும் மட்டும் வரலாம். மூன்றாம் நாள் வாக்கில் காய்ச்சல் தணியத் தொடங்கி மூக்கொழுகலும் இருமலும் முன்னுக்கு வரும். வறட்டு இருமல், பேசினால், சிரித்தால், படுத்தால் அதிகமாகும். ஐந்தாம் ஆறாம் நாளில் பெரும்பாலானவர்களுக்கு உடம்பு தெளியும், இருமலும் அசதியும் மட்டும் மிஞ்சும். நல்ல வழியில் போகும் கோவிட் இதுதான்.

கெட்ட வழி பிரிவதும் இங்கேதான். முதல் வாரத்தில் நடப்பது வைரஸின் பெருக்கம். ஐந்தாம் நாளுக்கும் பத்தாம் நாளுக்கும் இடையில் சிலருக்கு உடம்பின் எதிர்ப்பாற்றலே கட்டுமீறி நுரையீரலை அழற்சிக்கு உள்ளாக்கிவிடும். காய்ச்சல் விட்டுவிட்டது என்று எல்லோரும் நிம்மதியான அன்று மாலை மறுபடி காய்ச்சல், இருமல் தொடர்ச்சியாக, குளியலறை வரை போய் வந்தால் மூச்சு வாங்குகிறது என்று தொடங்கினால் அது இந்தப் பாதை. 2021 ஏப்ரல், மே மாதங்களில் டெல்டா அலையில் வீட்டில் இருந்தவர்கள் தாமதமாக ஆஸ்பத்திரிக்கு வந்ததற்கு இதுவும் ஒரு காரணம்: மூன்றாம் நாள் நன்றாக இருந்ததை நம்பி ஏழாம் நாளைக் கவனிக்காமல் விட்டார்கள். ஒமிக்ரான் வகைகளிலும், தடுப்பூசியோ முந்தைய தொற்றோ இருப்பவர்களிடமும் இது வெகுவாகக் குறைந்துவிட்டது. ஆனாலும் 60 தாண்டியவர்கள், சர்க்கரை, இதயம், சிறுநீரகம், நுரையீரல் நோய் உள்ளவர்கள், உடல் பருமன் மிகுந்தவர்கள், புற்றுநோய் சிகிச்சையிலோ உறுப்பு மாற்றத்துக்குப் பிந்தைய மருந்திலோ இருப்பவர்கள், கர்ப்பிணிகள் ஆகியோருக்கு இந்த ஐந்து முதல் பத்து வரையான நாட்கள் இன்னும் காவல் நாட்கள்தான். அம்மா இரண்டு கணக்கில் இந்தப் பட்டியலில் வருகிறார்.

மூச்சுத்திணறலை உணர்ந்தால்தானே சொல்வார் என்று விட்டுவிட முடியாது. மூச்சு முட்டுகிறது என்ற உணர்வை மூளைக்கு முக்கியமாகக் கொடுப்பது ரத்தத்தில் ஏறும் கார்பன்-டை-ஆக்சைடு. கோவிட் நுரையீரலில் ஆக்சிஜன் உள்ளே போவது தடைபட்டாலும் கார்பன்-டை-ஆக்சைடு ஓரளவு சுலபமாக வெளியேறிவிடுகிறது. ஆகவே 88 காட்டும்போதும் ஆள் செல்போன் பார்த்துக்கொண்டு சாவகாசமாகப் பேசிக்கொண்டிருப்பார். வயதானவர்களுக்கும் நீண்டகாலச் சர்க்கரை உள்ளவர்களுக்கும் இந்த உணர்வு இன்னும் மங்கலாக இருக்கலாம். அதனால்தான் பல்ஸ் ஆக்சிமீட்டர்.

அந்தச் சின்னக் கருவியைத் தப்பாகப் பார்ப்பதுதான் வீட்டில் நடக்கும் மிகப் பெரிய கோளாறு. ஐந்து நிமிடம் சும்மா உட்கார்ந்த பிறகு அளக்க வேண்டும். நகத்தில் மருதாணியோ பாலிஷோ இருந்தால் வேறு விரல், எல்லா விரலிலும் இருந்தால் கருவியைப் பக்கவாட்டில் திருப்பி மாட்டிப் பார்க்கலாம். கை ஜில்லென்று இருந்தால் தேய்த்துச் சூடாக்குங்கள். ஆள்காட்டி விரல் அல்லது நடுவிரல், கை மேசைமேல் அசையாமல், ஜன்னல் வெயில் நேராக விழாமல். மாட்டியவுடன் வரும் எண்ணை எழுதாதீர்கள். அரை நிமிடம் முதல் ஒரு நிமிடம் வரை பொறுத்து, எண் ஆடாமல் நின்ற பிறகு எழுதுங்கள்.

திரையில் இரண்டு எண் இருக்கும். ஒன்று ஆக்சிஜன் சதவீதம், மற்றது நாடித் துடிப்பு. நாடி 78 என்பதை ஆக்சிஜன் என்று படித்துப் பதறுபவர்கள் உண்டு. அதைவிட ஆபத்தானது தலைகீழாகப் படிப்பது: 86 என்ற எண்ணை எதிர்ப்பக்கத்திலிருந்து பார்த்தால் 98 என்று தெரியும். சந்தேகம் வந்தால் அதே கருவியை உங்கள் விரலில் மாட்டிப் பாருங்கள், உங்களுக்கு 97, 98 காட்டினால் கருவி சரி. மங்கிய பேட்டரியும் தப்புக் காட்டும்.

கருவி சரியாக இருந்தாலும் இரண்டு மூன்று புள்ளி முன்னே பின்னே இருக்கும். கருமையான தோல் உள்ளவர்களுக்கு உண்மையைவிடக் கூடுதலாகக் காட்டும் வாய்ப்பு இருப்பது 2020இலேயே அமெரிக்காவில் உறுதியானது. நம் ஊர் நிறத்துக்கு இது பொருந்தக்கூடிய எச்சரிக்கை. எனவே 94ஐ "பாஸ் மார்க்" போலப் பார்க்க வேண்டாம். முதல் நாள் 98 இருந்தவருக்கு ஆறாம் நாள் 95 என்றால், எண் எல்லைக்குள் இருந்தாலும் அது இறங்குமுகம். அதே கருவி, அதே விரல், அதே நாற்காலி, நாளுக்கு மூன்று நான்கு முறை போதும். பத்து நிமிடத்துக்கு ஒரு முறை மாட்டிப் பார்த்தால் பயம்தான் ஏறும்.

உட்கார்ந்திருக்கும்போது 94 அல்லது அதற்கு மேல் இருந்தால், ஐந்தாம் நாளிலிருந்து தினமும் ஒரு நடைச் சோதனையும் செய்யலாம். கருவியை விரலில் வைத்தபடியே அறைக்குள் சாதாரண வேகத்தில் ஆறு நிமிடம் நடக்கச் சொல்லுங்கள். அம்மா வயதில் மூன்று நிமிடம் போதும், நீங்கள் பக்கத்தில் இருங்கள். மூன்று புள்ளியோ அதற்கு மேலோ விழுந்தாலும், 94க்குக் கீழே போனாலும், நடுவில் தலைசுற்றினாலும் சோதனையை அங்கேயே நிறுத்திவிட்டு டாக்டரைக் கூப்பிடுங்கள். ஓய்வில் மறைந்திருக்கும் பாதிப்பு நடந்தால் வெளிப்பட்டுவிடும்.

கருவியே இல்லாத வீட்டில் மூச்சை எண்ணலாம். அம்மாவிடம் "மூச்சை எண்ணப் போகிறேன்" என்று சொன்னால் மூச்சின் வேகம் மாறிவிடும். நாடி பார்ப்பதுபோல மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டு, மார்போ வயிறோ ஏறி இறங்குவதை முழுதாக 60 வினாடி எண்ணுங்கள். 12 முதல் 20 வரை இயல்பு. 24 அல்லது அதற்கு மேல் போனால் ஆஸ்பத்திரி.

எப்போது ஓடுவது என்பதற்கு மத்திய சுகாதார அமைச்சகம் 2022 ஜனவரியில் கொடுத்த வரையறை இன்றும் வீட்டுச் சுவரில் ஒட்டத் தகுந்தது: 100 டிகிரிக்கு மேல் காய்ச்சல் மூன்று நாளுக்கு மேல் விடாமல் இருப்பது, மூச்சு விடச் சிரமம், ஒரு மணி நேரத்துக்குள் குறைந்தது மூன்று முறை அளந்தும் ஆக்சிஜன் 93 அல்லது அதற்குக் கீழ், மூச்சு நிமிடத்துக்கு 24க்கு மேல், நெஞ்சில் விடாத வலி அல்லது அழுத்தம், குழப்பமாகப் பேசுவது, எழுப்பினால் எழாதது, தாங்க முடியாத சோர்வும் உடல் வலியும். இவற்றோடு உதடோ முகமோ நீலம் பாய்வது, ஒரு வாக்கியத்தை ஒரே மூச்சில் முடிக்க முடியாதது, எட்டு மணி நேரமாகச் சிறுநீரே போகாதது ஆகியவற்றையும் சேர்த்துக்கொள்ளுங்கள். தமிழ்நாட்டில் என்றால் 108க்கு அழைக்கலாம், ஆலோசனை மட்டும் வேண்டுமானால் 104.

ஆம்புலன்ஸ் வரும்வரை குப்புறப் படுக்க வைப்பது உதவும். ஒரு தலையணை கழுத்துக்குக் கீழே, ஒன்றிரண்டு மார்பிலிருந்து தொடை வரை, இரண்டு கணுக்காலுக்கு மேலே முழங்காலுக்குக் கீழே. முதுகுப்பக்க நுரையீரல் விரிய இடம் கிடைப்பதால் ஆக்சிஜன் ஏறும். சாப்பிட்டு ஒரு மணி நேரத்துக்குள் வேண்டாம், கர்ப்பிணிகளுக்கும் கடுமையான இதய நோய் உள்ளவர்களுக்கும் வேண்டாம். எண் ஏறிவிட்டதே என்று ஆம்புலன்ஸைத் திருப்பி அனுப்பிவிடாதீர்கள்.

மருந்துக்கு வருவோம். காய்ச்சலுக்கும் வலிக்கும் பாரசிட்டமால். 650 மி.கி. மாத்திரை, தேவைப்பட்டால் ஆறு மணி நேரத்துக்கு ஒன்று, நாளுக்கு நான்கு. ஆரோக்கியமான பெரியவருக்கு ஒரு நாளின் உச்ச வரம்பு 4 கிராம். கல்லீரல் கோளாறோ தினசரி மதுப் பழக்கமோ இருந்தால் 2 கிராமுக்கு மேல் போகக் கூடாது. இங்கே நடக்கும் தவறு என்னவென்றால், மெடிக்கல் ஷாப்பில் வாங்கும் சளி மாத்திரையில் ஏற்கெனவே பாரசிட்டமால் கலந்திருக்கும். இரண்டையும் போட்டால் கணக்கு இரட்டிப்பாகிவிடும். அட்டையின் பின்பக்கத்தைப் படியுங்கள். அதே சளி மாத்திரைகளில் மூக்கடைப்புக்காகச் சேர்க்கும் மருந்து ரத்த அழுத்தத்தையும் ஏற்றும். இபுபுரூஃபன், டைக்ளோஃபெனாக் போன்ற வலி மாத்திரைகளை அம்மாவுக்குத் தவிர்ப்பது நல்லது. சர்க்கரை நோயாளியின் சிறுநீரகத்துக்கு அவை சுமை. மழைக்காலமாக இருந்தால் இன்னொரு காரணமும் உண்டு. டெங்குவும் இதே காய்ச்சலும் உடம்பு வலியுமாகத்தான் தொடங்கும், டெங்குவில் இந்த மாத்திரைகள் ரத்தக்கசிவைக் கூட்டும். கோவிட் பாசிட்டிவ் என்பதால் டெங்கு இல்லை என்று ஆகிவிடாது. கண்ணுக்குப் பின்னால் வலி, தோலில் சிவப்புப் புள்ளி, கடும் வயிற்று வலி இருந்தால் ரத்த அணுக்களையும் பார்க்கச் சொல்லுங்கள்.

தொண்டைக்கு ஒரு டம்ளர் வெந்நீரில் அரை ஸ்பூன் உப்பு போட்டுக் கொப்பளிப்பது போதும். இருமலுக்குத் தேன் நல்லதுதான், அம்மாவின் சர்க்கரைக் கணக்கில் அதையும் சேர்த்துக்கொள்ள வேண்டும் (ஒரு வயது ஆகாத குழந்தைக்குத் தேன் கூடவே கூடாது). இருமல் ஐந்து நாளுக்கு மேல் விடாமல் இருந்தால் டாக்டர் புடெசோனைடு இன்ஹேலர் தரக்கூடும். ஒவ்வொரு முறை இழுத்த பிறகும் வாயைக் கொப்பளித்துத் துப்ப வேண்டும், இல்லாவிட்டால் வாயில் வெள்ளைப் பூஞ்சை பிடிக்கும். ஆவி பிடிப்பது மூக்கடைப்பைத் தளர்த்தும், நுரையீரலில் உள்ள வைரஸைக் கொல்லாது. கொதிக்கும் பாத்திரம் மடியில் கவிழ்ந்து வெந்துபோவது நிஜமான ஆபத்து. 2021 மே மாதம் பொது இடங்களில் ஆவி பிடிக்கும் ஏற்பாடுகள் பரவியபோது சுகாதாரத் துறை அமைச்சர் மா. சுப்பிரமணியன் வேண்டாம் என்று சொன்னதற்குக் காரணம், அங்கே ஒருவர் விடும் மூச்சு அடுத்தவருக்குப் போகும் என்பது. கபசுரக் குடிநீர் குடிக்கும் வீடுகள் நிறைய, டாக்டரிடம் சொல்லிவிட்டுக் குடிக்கலாம். அதைக் குடித்துவிட்ட தைரியத்தில் ஆக்சிமீட்டரை மறந்துவிடுவதுதான் பிரச்சினை.

தண்ணீர், ரசம், மோர், கஞ்சி என்று ஏதாவது உள்ளே போய்க்கொண்டே இருக்கட்டும். சிறுநீர் வெளிர் மஞ்சளாக இருந்தால் நீர்ச்சத்து போதுமான அளவு இருக்கிறது. வயிற்றுப்போக்கு இருந்தால் ஓஆர்எஸ் பொட்டலத்தை அதில் போட்டிருக்கும் அளவுத் தண்ணீரில் முழுதாகக் கலக்க வேண்டும். கொஞ்சம் கொஞ்சமாக டம்ளரில் தூவிக் கலக்கினால் உப்பின் விகிதம் கெட்டுவிடும். இளநீர் நல்லது, ஆனால் சிறுநீரகக் கோளாறு உள்ளவருக்கு அதிலுள்ள பொட்டாசியம் ஆபத்து.

இப்போது வேண்டாதவை. ஸ்டீராய்டு இதில் முதலாவது. 2020 ஜூனில் பிரிட்டனின் ரெகவரி ஆய்வு, தினம் 6 மி.கி. டெக்ஸாமெதசோன் வென்டிலேட்டரில் இருந்தவர்களின் இறப்பை மூன்றில் ஒரு பங்கும், ஆக்சிஜன் தேவைப்பட்டவர்களின் இறப்பை ஐந்தில் ஒரு பங்கும் குறைத்ததைக் காட்டியது. அதே ஆய்வில் ஆக்சிஜன் தேவைப்படாதவர்களுக்குப் பயன் இல்லை, கெடுதலாகவும் இருந்திருக்கலாம். காரணம் எளிது: முதல் வாரத்தில் வைரஸோடு போராட வேண்டிய எதிர்ப்பாற்றலையே ஸ்டீராய்டு அடக்கிவிடும். பழைய சீட்டையோ பக்கத்து வீட்டுக்காரருக்கு எழுதிய சீட்டையோ காட்டி மூன்றாம் நாளே அதை வாங்கிப் போடுவது, 2021இல் இந்தியாவில் கரும்பூஞ்சை பரவியதற்கான காரணங்களில் ஒன்று. கட்டுப்படாத சர்க்கரை, அதன்மேல் ஸ்டீராய்டு ஏற்றிய சர்க்கரை, பூஞ்சைக்கு அதைவிட வசதியான இடம் இல்லை. முகத்தில் ஒரு பக்கம் மட்டும் வலி அல்லது வீக்கம், மூக்கில் கருப்பாகவோ ரத்தமாகவோ ஒழுகல், பார்வை இரண்டாகத் தெரிவது, பல் ஆடுவது வந்தால் குணமான பிறகும்கூட அன்றே காட்ட வேண்டும்.

அசித்ரோமைசின் வைரஸுக்கு வேலை செய்யாது, வீட்டில் இருந்த நோயாளிகளிடம் சோதித்தும் பயன் தெரியவில்லை. ஐவர்மெக்டினையும் ஹைட்ராக்ஸிகுளோரோகுயினையும் இந்திய வழிகாட்டுதலே 2021 செப்டம்பரில் நீக்கிவிட்டது. மூச்சு சரியாக இருக்கும்போது சி.டி. ஸ்கேன் எடுப்பதும், ரத்தம் உறைவதையும் அழற்சியையும் பார்க்கும் டி-டைமர், சிஆர்பி என்று இரண்டு நாளுக்கு ஒருமுறை ரத்தப் பரிசோதனை செய்வதும் சிகிச்சையை மாற்றாது. அறிகுறியே இல்லாதவரின் ஸ்கேனிலும் திட்டுகள் தெரியும். அதைப் பார்த்துப் பயந்துதான் தேவையில்லாத ஸ்டீராய்டு தொடங்கும்.

அம்மாவுக்கு நிஜமாகவே பயன்படக்கூடிய மருந்து வேறு இருக்கிறது. அதற்குத்தான் நாள் கணக்கு. நிர்மாட்ரெல்விர், ரிடோனாவிர் சேர்ந்த மாத்திரை, பாக்ஸ்லோவிட் என்ற பெயரில் அறியப்படுவது, முதல் அறிகுறியிலிருந்து ஐந்து நாளுக்குள் தொடங்க வேண்டும். 300 மி.கி.யும் 100 மி.கி.யுமாக நாளுக்கு இரண்டு வேளை, ஐந்து நாள். ஆபத்து அதிகமுள்ள, தடுப்பூசி போடாதவர்களிடம் நடந்த முதல் சோதனையில், ஆஸ்பத்திரி சேர்க்கையும் மரணமும் சுமார் 89 சதவீதம் குறைந்தன. தடுப்பூசி போட்டவர்களுக்குப் பயன் இதைவிடக் குறைவு. சிக்கல் ரிடோனாவிரில். கல்லீரல் மற்ற மருந்துகளைக் கரைக்கும் வேலையை அது நிறுத்தி வைக்கும். கொழுப்பு மாத்திரை, ரத்தம் உறையாமல் தடுக்கும் மருந்து, சில இதயத் துடிப்பு மருந்துகள், உறுப்பு மாற்ற மருந்துகள் எல்லாம் உடம்பில் தேங்கிவிடும். சிலவற்றை நிறுத்த வேண்டும், சிலவற்றின் அளவைக் குறைக்க வேண்டும், சிறுநீரகம் சோர்ந்திருந்தால் இந்த மாத்திரையின் அளவே குறையும். ஆகவே அம்மா சாப்பிடும் அத்தனை அட்டைகளையும் ஒரு பையில் போட்டு எடுத்துக்கொண்டுபோய் டாக்டரிடம் காட்டுங்கள். ரெம்டெசிவிர் என்றால் ஏழு நாளுக்குள் தொடங்கி மூன்று நாள் ஊசியாக ஏற்றுவார்கள். மோல்நுபிராவிர் இவற்றைவிட வலு குறைந்தது, கர்ப்பிணிகளுக்குக் கூடாது. இதில் எது உங்கள் ஊரில் கிடைக்கும், அம்மாவுக்குத் தேவையா என்பதை டாக்டர்தான் சொல்ல முடியும். ஆனால் "எத்தனையாவது நாள்" என்ற கணக்கோடு இன்றே கேளுங்கள். ஆறாம் நாள் கேட்டால் பாக்ஸ்லோவிட்டுக்கு நேரம் கடந்திருக்கும். மருந்து முடித்துச் சரியான சில நாளில் அறிகுறிகள் லேசாகத் திரும்ப வருவதும் உண்டு, மருந்து எடுக்காதவர்களுக்கும் அப்படி வரும். பெரும்பாலும் தானாக அடங்கும், ஆனால் அந்த நாட்களில் மற்றவர்களுக்குப் பரவும்.

சர்க்கரையைத் தனியாகச் சொல்ல வேண்டும். எந்தத் தொற்றும் சர்க்கரையை ஏற்றும், சரியாகச் சாப்பிடாதபோதும் ஏறும். காலை வெறும் வயிற்றிலும் சாப்பாட்டுக்கு இரண்டு மணி நேரம் கழித்தும் பார்த்து அதே நோட்டில் எழுதுங்கள். சாப்பிடவில்லை என்று இன்சுலினைத் தானாக நிறுத்தக் கூடாது, அளவு மாற்றத்தை டாக்டரைக் கேட்டுச் செய்ய வேண்டும். டாபாகிளிஃப்ளோசின், எம்பாகிளிஃப்ளோசின் போல "ஃப்ளோசின்" என்று முடியும் மாத்திரை சாப்பிடுபவராக இருந்தால், வாந்தி இருக்கும்போதும் சாப்பாடு இறங்காதபோதும் அதை நிறுத்தி வைப்பது வழக்கம். டாக்டரிடம் உடனே சொல்லுங்கள். அந்த மாத்திரையோடு பட்டினி சேர்ந்தால், சர்க்கரை எண் சாதாரணமாகக் காட்டும்போதே ரத்தம் அமிலமாகிவிடக்கூடும். விடாத வாந்தி, வயிற்று வலி, ஆழமாக வேகமாக மூச்சு விடுவது அதன் அடையாளம். கோவிட் மூச்சுத்திணறல் என்று எல்லோரும் நினைத்திருக்க, ஆக்சிஜன் 98 காட்டும். வாந்தியோ வயிற்றுப்போக்கோ கடுமையாக இருந்தால் மெட்ஃபார்மினையும் பற்றிக் கேளுங்கள். ரத்த அழுத்த மாத்திரையைக் கோவிட் என்பதற்காக நிறுத்த வேண்டியதில்லை.

தனிமைக்கு, ஜன்னல் திறந்த அறை, முடிந்தால் தனிக் கழிவறை, உள்ளே போகும்போது இருவருக்கும் என்95 முகக்கவசம். இந்தியாவின் 2022 விதி: பாசிட்டிவ் வந்து ஏழு நாள், அதில் கடைசி மூன்று நாள் காய்ச்சல் இல்லாமல். அறையைவிட்டு வெளியே வந்த பிறகும் சில நாள் முகக்கவசம் போட்டுக்கொள்வது மற்ற வயதானவர்களுக்கு நல்லது. வீட்டில் வேறு யாருக்காவது தொண்டை கரகரத்து முதல் நாள் ஆன்டிஜன் டெஸ்ட் நெகட்டிவ் வந்தால் நம்பிவிடாதீர்கள், 48 மணி நேரம் கழித்து மறுபடி எடுங்கள். "நெகட்டிவ் ஆக வேண்டும்" என்று குணமானவருக்குத் திரும்பத் திரும்ப ஆர்டி-பிசிஆர் எடுப்பது வீண். செத்த வைரஸின் துணுக்கு பல வாரம் பாசிட்டிவ் காட்டும்.

எல்லாம் முடிந்த பிறகும் மிஞ்சுபவை இருமலும் அசதியும் வாசனையும். இருமல் மூன்று முதல் எட்டு வாரம் வரை இழுக்கலாம். ஆனால் இரண்டு மூன்று வாரத்தைத் தாண்டினாலே காசநோய் உள்படப் பரிசோதிக்க வேண்டும், காய்ச்சலோ சளியில் ரத்தமோ எடை குறைவதோ சேர்ந்தால் தாமதிக்கவே கூடாது. அசதி விஷயத்தில் பலரும் செய்யும் தப்பு, ஒருநாள் தெம்பாக இருந்ததும் வீட்டு வேலை மொத்தத்தையும் இழுத்துப் போட்டுக்கொள்வது. மறுநாளோ அதற்கு மறுநாளோ படுக்கையில் விழுவார்கள். முந்தின நாள் செய்த வேலையைவிடச் சற்றே கூட்டி, மறுநாள் உடம்பு எப்படி இருக்கிறது என்று பார்த்துவிட்டுத்தான் அடுத்த படி. தொற்று தொடங்கி மூன்று மாதம் ஆகியும், இரண்டு மாதமாவது நீடித்த தொல்லை வேறு காரணமின்றி இருந்தால் அதைத்தான் நீள்கோவிட் என்கிறார்கள். மைல்ட்டாக வந்துபோனவர்களுக்கும் அது வரலாம்.

வாசனை போயிருந்தால் பெரும்பாலும் சில வாரத்தில் திரும்பும். வைரஸ் தாக்குவது பெரும்பாலும் வாசனை நரம்புகளைத் தாங்கும் செல்களைத்தான், அவை மறுபடி வளர்ந்துவிடும். திரும்பும் வழியில் காபி கருகிய ரப்பர் மாதிரியும் வெங்காயம் அழுகிய மாதிரியும் நாறுவது சிலருக்கு உண்டு, அது நரம்பு மறுபடி பின்னிக்கொள்ளும்போது வரும் குழப்பம். இதற்கு மாத்திரையைவிடப் பயிற்சிதான் பயன்பட்டிருக்கிறது. ரோஜா, எலுமிச்சை, கிராம்பு, யூகலிப்டஸ் என்ற நான்கு மணங்களைக் காலையும் மாலையும் ஒவ்வொன்றையும் சுமார் 20 வினாடி, அதன் பழைய மணத்தை நினைவில் கொண்டுவந்தபடி முகர வேண்டும், குறைந்தது 12 வாரம். நான்கும் அம்மாவின் அடுக்களையிலும் மருந்துப் பெட்டியிலும் இருப்பவைதான்: பன்னீர், எலுமிச்சைத் தோல், கிராம்பு, நீலகிரித் தைலம். தைலத்தைப் பஞ்சில் ஒரு சொட்டு விட்டு எட்ட வைத்து முகரட்டும், மூக்குக்குள் தடவ வேண்டாம். வாசனை திரும்பாத வரைக்கும் கேஸ் கசிவதும் பால் தீய்வதும் அம்மாவுக்குத் தெரியாது. இரவு சிலிண்டரை மூடுவதை வீட்டில் வேறு ஒருவர் பார்த்துக்கொள்ளுங்கள்.